வடித்துக் கொட்டிய தண்ணீர்

காலை ஏழரை மணி இருக்கும். வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கையில் கரித்துணி, துணிக்குள் ஆவி பறக்கும் அலுமினியப் பாத்திரம். மூடியை இம்மியளவு நகர்த்தி, தட்டைப்பயறு வெந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடியின் அடியில் சாய்த்து ஊற்றுகிறேன்.

பழுப்பும் ஊதாவும் கலந்த தண்ணீர். மண்ணில் விழுந்ததும் நுரைத்தது. பயறு ஒன்றுகூட வெளியே நழுவவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

நான் கொட்டியது என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலத்துக்குள் பாலக்கோடு பஸ்ஸில் வந்த ஐம்பது பேருக்குத் தெரிந்துவிட்டது.

காய்கறி வாத்தியார்

இந்தத் தொடரைப் படித்துவரும் வாசகி ஒருவர், "கத்தரிக்காயைப் பற்றி ஒரு வாரம் முழுக்க எழுதினீர்களே, அதைச் சமைக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டு ஒரு கார்டு போட்டிருந்தார். கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருந்தது. நியாயமான குத்தல்தான்.

நான் ஓவிய ஆசிரியர். கரும்பலகையில் கத்தரிக்காய், முருங்கைக்காய், பூசணிக்காய் என்று வரைந்தே சம்பளம் வாங்கியவன். பையன்கள் எனக்கு வைத்த பெயர் 'காய்கறி வாத்தியார்'. மனித முகம் மட்டும் எனக்கு வராது. பள்ளி விழாவுக்குத் தலைவர் படம் வரையச் சொன்னால் ஹெட்மாஸ்டரிடம் கண்வலி என்று சொல்லிவிடுவேன். ஒரே ஒருமுறை தப்பிக்க முடியாமல் வரைந்தேன். யாரென்று தெரிவதற்காகக் கீழே பெயர் எழுத வேண்டியதாயிற்று.

வரைந்த காய்களில் ஒன்றையும் நான் சமைத்ததில்லை. அதெல்லாம் ராஜம்மா வேலை.

ராஜம்மா என் மனைவி. கர்நாடக எல்லையை ஒட்டிய கிராமத்தில் பிறந்தவள். அவர்கள் வீட்டில் கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டு தமிழில் சமாதானம் ஆவார்கள். ராஜம்மாவுக்கு வாய் ஓயாது. துணி துவைக்கும்போதுகூடத் துணியிடம் பேசிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் பேச்சை நிறுத்தியதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். பாலக்கோட்டில் வாடகை வீடு. எங்கள் மகள் கலாவுக்கு ஆறு வயது. ராஜம்மாவுக்கு இரண்டாவது, எட்டு மாதம். ஒரு திங்கட்கிழமை விடியும் நேரத்தில் வலி வந்து, தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆபரேஷன் செய்து தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்திருந்தது. ஆண் குழந்தை.

அவள் மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது குழந்தை அங்கே இல்லை. "பாக்க வேணாம், மனசு தாங்காது" என்று கூட வந்திருந்த பெரியவர்கள் முடிவு செய்தார்கள். நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு ராஜம்மா பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. வற்புறுத்தினால் இரண்டு மடக்குப் பால், அவ்வளவுதான். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உள்ள ஒண்ணும் போகலைன்னா தையல் எப்படிங்க ஆறும்? ஜுரம் வேற விடமாட்டேங்குது. வீட்டுச் சாப்பாடு எதையாவது குடுத்துப் பாருங்க" என்றார்.

அடுத்த மூன்று நாள் சாயங்காலம் பள்ளி விட்டதும் போனேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் தங்கை சந்திராதான் துணைக்கு இருந்தாள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. பள்ளியில் பரீட்சை வேலை, கலாவுக்குச் சளி என்று சொல்லிக்கொண்டேன்.

பொய். எனக்குப் பயம். அவள் திரும்பிப் பார்த்து ஏதாவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயம். போகாமல் இருப்பதற்கு ஈடாகத்தான் சாப்பாடு அனுப்பினேன்.

கத்திரிக்கா கேரியர்

அந்த நாளில் ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருந்தால் வீட்டுச் சாப்பாடு பஸ்ஸில் போகும். டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடியின் மேல் டிபன் கேரியர்களை வரிசையாக வைத்துவிடுவார்கள். தர்மபுரி போகும்வரை சூடு ஆறாது. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் உறவுக்காரர்கள் காத்திருந்து வாங்கிக்கொள்வார்கள். மாலையில் காலிக் கேரியர் அதே வண்டியில் திரும்பும். இதற்கு டிக்கெட் கிடையாது.

அடையாளத்துக்குக் கைப்பிடியில் ஆளுக்கொரு கிழிசல் துணியைக் கட்டி அனுப்புவார்கள். நான் வாத்தியார் புத்தியைக் காட்டி, எனாமல் பெயிண்டில் ஒரு கத்தரிக்காய் வரைந்திருந்தேன். கண்டக்டர் மாதையன் அதை ஸ்டாப்பில் இறக்கும்போது "கத்திரிக்கா யாருது, கத்திரிக்கா!" என்று கூவுவாராம்.

முதலில் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காதான் சமைத்துக் கொடுத்தார். அவர் கணவர் கடைவீதியில் பூட்டு ரிப்பேர் செய்பவர். பூண்டு போட்ட மிளகுக் குழம்பு, இட்லி, குழைய வடித்த சோறு என்று அக்கா பார்த்துப் பார்த்து வைத்துக் கொடுப்பார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மாதையன் கேரியரை என் கையில் கொடுக்கும்போதே அதன் கனம் சொல்லிவிடும்.

"இன்னிக்கும் அப்பிடியேதாங்க சார்" என்பார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து நானும் கலாவும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். "அம்மா நமக்காக மிச்சம் வெச்சிருக்கா" என்று கலாவிடம் சொல்வேன். அது எத்தனை நாளைக்கு ஓடும்?

ஒன்பதாம் நாள்

ஒன்பதாம் நாள் காலையில் எனக்குத் தட்டைப்பயறு ஞாபகம் வந்தது.

கடைக்காரர்கள் காராமணி என்பார்கள்; ராஜம்மா அலசந்தை என்பாள். ராகிக் காட்டில் ஊடே போட்டு எடுப்பது. வருஷா வருஷம் தை மாதம் அவள் அம்மா வீட்டிலிருந்து ஒரு பை வந்துவிடும். அந்தப் பையை அவிழ்க்கும் நாளில் எங்கள் வீட்டில் உப்புச்சாறும் களியும்.

கல்யாணமான புதிதில் அவள் முதன்முதலாக எனக்குச் சமைத்துப் போட்டதும் அதுதான். தட்டில் களி, ஒரு ஓரத்தில் தாளித்த பயறு, கிண்ணத்தில் கலங்கலாக ஒரு சாறு. நான் வாய்க் கொழுப்பில், "என்ன இது, பிரஷ் கழுவின தண்ணி மாதிரி இருக்குது" என்றேன். அவள் கோபித்துக்கொண்டு மூன்று நாள் பேசவில்லை என்று நினைக்காதீர்கள். மூன்று நாள் விடாமல் பேசினாள். நாலாம் நாள் நான் இரண்டாம் முறை சாறு கேட்டு வாங்கிய பிறகுதான் ஓய்ந்தாள்.

எட்டு வருஷம் அந்தச் சாற்றைக் குடித்தேன். அது எதிலிருந்து வருகிறது என்று ஒரு நாளும் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. தின்னத் தெரிந்தவனுக்குத் தினை விளைந்த கதை எதற்கு என்று இருந்துவிட்டேன்.

மும்தாஜ் அக்காவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அன்று நானே செய்ய வேண்டும் என்று பிடிவாதம். அக்கா கை ருசி அவளுக்குப் பிடிக்கவில்லை, என் கை ருசி பிடிக்கும் என்று எந்தத் தைரியத்தில் நினைத்தேனோ தெரியவில்லை.

இரண்டு கைப்பிடிப் பயறு எடுத்துக் கழுவினேன். வெள்ளை வயிறும் கறுப்புக் கண்ணுமாக எத்தனையோ முறை நான் வரைந்த பயறு. எவ்வளவு தண்ணீர் என்று தெரியாததால் பாத்திரம் நிறைய ஊற்றித் திரி ஸ்டவ்வில் ஏற்றினேன். உப்புப் போட்டேன். ஒரு பயற்றை எடுத்து நசுக்கினால் மாவாக நசுங்கியது. வெந்துவிட்டது. பாத்திரத்தில் மிச்சம் கலங்கிய தண்ணீர்.

ஓவியக்காரனுக்குக் கலங்கிய தண்ணீர் என்றால் என்ன? படம் முடிந்ததும் வெளியே கொட்டுவது. கொண்டுபோய்க் கொட்டினேன்.

திரும்பி வந்து, காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகத்தை அம்மியில் வைத்து அரைத்தேன். குடத்திலிருந்து நல்ல தண்ணீர் எடுத்து, துளி புளி கரைத்து, அரைத்ததைக் கலக்கிக் கொதிக்கவிட்டேன். 'சாறு' தயார். பயற்றைக் கடுகு தாளித்துப் பிரட்டினேன். களி கிண்டியதில் கட்டி தட்டியது. பெரிய கட்டிகளை மட்டும் பொறுக்கி எடுத்தேன்.

மேல் டப்பாவில் பயறு, நடுவில் களி, அடியில் சாறு. வண்டி கிளம்பும் நேரத்துக்கு ஓடிப்போய் மாதையனிடம் கொடுத்தேன்.

"உப்புச்சாறுன்னு சந்திராகிட்ட சொல்லுங்க, மாதையன். நானே வெச்சதுன்னும் சொல்லுங்க."

"நீங்களேவா?" என்றார். அவர் கண்ணில் லேசான சந்தேகம் தெரிந்தது.

வண்டி முழுக்கச் சிரித்தது

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். வழக்கமாக மாதையன் இறங்க வேண்டிய பயணிகளை இறக்கிவிட்டு நிதானமாகக் கேரியரோடு வருவார். அன்று வண்டி நிற்பதற்கு முன்னாலேயே குதித்துவிட்டார்.

"சார்! உங்க வூட்டம்மா பேசிட்டாங்க சார்!"

பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னா சொன்னா?"

மாதையன் தயங்கினார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"'தண்ணிய என்னா பண்ணாரு?'ன்னு கேட்டாங்களாம்."

"எந்தத் தண்ணி?"

"பயிறு வேகவெச்ச தண்ணி சார். உங்க மச்சினிச்சி ஸ்டாப்புக்கு ஓடியாந்து சொல்லுச்சி. நீங்க வெச்ச உப்புச்சாறுன்னதும் அம்மா எழுந்து உக்காந்துட்டாங்களாம். அடி டப்பாவத் தொறந்து, ஒரு வெரல உட்டு நாக்குல வெச்சிப் பாத்துட்டு, 'தண்ணிய என்னா பண்ணாரு அந்த மனுசன்?'னாங்களாம். ஒம்பது நாளைக்கி அப்பறம் மொதப் பேச்சு அதாங்க."

"கொட்டிட்டேன்" என்றேன்.

"கொட்டிட்டீங்களா?"

ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா தலையை நீட்டினார். மடியில் காலித் தக்காளிக் கூடை. "எதக் கொட்டிட்டாரு, கண்டக்டரு?"

"பயிறு வெந்த தண்ணியங்க ஆத்தா. உப்புச்சாறு வெக்கறேன்னு தண்ணியக் கொட்டிட்டு, பயிற அனுப்பிருக்காரு ஆஸ்பத்திரிக்கி."

"அடக் கெரகமே! அந்தத் தண்ணிதானய்யா சாறு!"

அவ்வளவுதான். வண்டிக்குள் ஒவ்வொரு ஸீட்டாகச் செய்தி பின்னால் போயிற்று. போகப் போகச் சிரிப்பும் கூடவே போயிற்று. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார்.

"ஆஸ்பத்திரியில யாருங்க?" என்று கேட்டார் பெரியம்மா.

"என் சம்சாரம். ஆபரேசன் பண்ணிருக்குது."

"பச்ச ஒடம்புக்காரிக்கி பயிறு வாயுங்க. சாறுதான் எறங்கும். நல்லத மண்ணுல ஊத்திட்டு ஆவாதத டப்பாவுல கட்டி அனுப்பிருக்கீங்களே சாமி, நீங்க வாத்தியாருங்களா?"

நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சிரிப்பால் என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் பேசிவிட்டாள் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. என்னைத் திட்டித்தான் பேசியிருக்கிறாள். அதைவிட நல்ல சகுனம் ஏது?

பெரியம்மா கூடையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகவே எனக்குச் செய்முறை சொன்னார். பூண்டைச் சுட்டு அரைக்க வேண்டும் என்றார். பின் ஸீட்டிலிருந்து ஒருவர், பச்சையாகத்தான் அரைக்க வேண்டும் என்றார். புளி கூடாது, கொஞ்சம் வேண்டும் என்று இரண்டு கட்சி. வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் தாமதமாயிற்று. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

விசிலை வாயில் வைப்பதற்கு முன் மாதையன் என் பக்கம் குனிந்தார்.

"நாளைக்கி நீங்களே எடுத்தாங்க சார். கேள்விய உங்களதான் கேட்டிருக்காங்க. நான் போயி எப்பிடிங்க பதில் சொல்றது?"

சாறு

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

இந்த முறை பயற்றை லேசாக வறுத்துப் போட்டேன், பெரியம்மா சொன்னது. வெந்ததும் மூங்கில் தட்டைக் கவிழ்த்து, அடியில் வேறொரு பாத்திரம் வைத்துத் தண்ணீரை வடித்தேன். ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தேன். வெறும் உப்பும் பயறும்தான். ஆனாலும் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருஷமாக என் கிண்ணத்துக்குள் இருந்தது இதுதான்.

மிளகாய், சீரகம், நாலு மிளகு, சுட்ட பூண்டு, இவற்றோடு ஒரு கைப்பிடி வெந்த பயற்றையும் வைத்து மையாக அரைத்து, வடித்த தண்ணீரில் கரைத்தேன். அடுப்பில் வைத்து ஒரே கொதி. நுரை கூடி மேலே வந்ததும் இறக்கினேன்.

அப்போது வாசனை கிளம்பியது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மும்தாஜ் அக்கா குரல் கொடுத்தார். "சார், என்னாங்க, ராஜம்மா வாசன வருது?"

அக்கா சொல்லி முடிப்பதற்குள் கலா ஓடி வந்தாள். ஒரு பக்கம்தான் ஜடை பின்னியிருந்தது. மறு பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டே அடுப்படி முழுக்கத் தேடினாள்.

"அம்மா வந்துட்டாளா?"

என்னைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போயிற்று. நான் அவள் தலையைத் தடவி, "அம்மாகிட்டதான் போறேன்" என்றேன். மும்தாஜ் அக்கா வந்து மறு ஜடையைப் பின்னி, "புள்ளைய நான் பள்ளிக்கூடத்துல உட்டுக்கறேன். நீங்க சாறு ஆறங்காட்டியும் கெளம்புங்க" என்றார்.

இரண்டாம் வரிசை

மாதையன் வண்டியில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முன்பு போன மூன்று நாளும் வேறு வண்டியில்தான் போய் வந்தேன். இந்த வண்டியில் ஏறாமல் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு.

அந்தத் திங்கட்கிழமை மதியம், ஆஸ்பத்திரி வாசலில் இதே வண்டியில் ஏறி, இதே ஸீட்டில்தான் உட்கார்ந்தேன். மடியில் வெள்ளைத் துண்டு. துண்டுக்குள் என் மகன். கார் பிடிக்க எனக்குத் தோன்றவே இல்லை. முன்னால் வந்து நின்ற வண்டியில் ஏறிவிட்டேன்.

மாதையன் பக்கத்தில் வந்தார். துண்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து ஸீட்டில் யாரையும் உட்காரவிடவில்லை. எங்கள் குடும்பத்து மேட்டுக்காடு இருக்கும் ஸ்டாப்பில் இறங்கி நான் ரோட்டைத் தாண்டும்வரை விசில் அடிக்காமல் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் பேசியதில்லை.

வழியில் முக்கால் மணி நேரம் நான் துண்டின் முனையை விலக்கி, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன்.

இன்று மடியில் கேரியர். மாதையன் வந்து, "என்ஜின் மேல வெச்சிருங்க சார், சூடு ஆறாது" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். கேரியரின் சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் பட்டது. அதை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை.

கேட்க முடிந்த கேள்வி

ராஜம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்துவிட்டுக் கேரியரைப் பார்த்தாள். சந்திரா, "தண்ணி புடிச்சிட்டு வரேன் மாமா" என்று சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது.

அடி டப்பாவைத் திறந்து, மூடியில் சாற்றை ஊற்றி நீட்டினேன். அவள் முதலில் நிறத்தைப் பார்த்தாள். பிறகு முகர்ந்தாள். பிறகு ஒரு வாய்.

"உப்பு பத்தல."

"நாளைக்கி போடறேன்."

இன்னொரு வாய் குடித்தாள்.

"நேத்து தண்ணிய எங்க ஊத்தனீங்க?"

"கருவேப்பிலச் செடிக்கு."

"சுடச் சுடவா?"

"ம்."

"வேரு வெந்துருக்கும்" என்றாள். மிச்சத்தையும் குடித்துவிட்டு மூடியைக் கட்டிலில் வைத்தாள். என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அதே குரலில் கேட்டாள்.

"கொழந்தைய எங்க வெச்சீங்க?"

ஒன்பது நாளாக அவள் தொண்டையில் நின்றிருந்தது இந்தக் கேள்விதான். அவளைப் பார்க்க விடாமல் எடுத்துக்கொண்டு போனோம். எங்கே கொண்டுபோனோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால் அழுவாள் என்று எல்லோரும் வேறு பேச்சுப் பேசினார்கள். நான் பேச்சுக்கே நிற்காமல் ஓடினேன். இதைக் கேட்க முடியாதவள், தண்ணீரை என்ன செய்தேன் என்றாவது கேட்டிருக்கிறாள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

"மேட்டுக்காட்டுல" என்றேன். "புங்க மரத்துக்குக் கெழக்கால. அண்ணன் குழி வெட்டுனாரு. நான்தான் வெச்சேன்."

"எந்தத் துணியில?"

"என் வெள்ளத் துண்டு. பொங்கலுக்கு எடுத்தது. புதுசு."

"மேல கல்லு வெச்சீங்களா? நாய் வரும்."

"வெச்சோம். முள்ளும் வெட்டிப் போட்டோம்."

அவள் தலையசைத்துக்கொண்டாள். அடுப்பில் வைத்ததை இறக்கினாயா, மூடினாயா என்று கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் நெஞ்சிலிருந்தும் ஏதோ இறங்கியது.

"மொகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன். போற வழியெல்லாம் பாத்துக்கிட்டேதான் போனேன்."

"எனக்குத்தான் யாரும் காட்டல."

அவள் தலையணைக்கடியில் கையை விட்டு, மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்தாள். அதைத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே வரும்படி என் முன்னால் வைத்தாள்.

"வரஞ்சு காட்டுங்க."

"எனக்கு மொகம் வராது, ராஜி. உனக்குத் தெரியாதா?"

"வர்ற வரைக்கும் வரைங்க."

சட்டைப் பையில் பென்சில் இருந்தது. வாத்தியார் பையில் அது எப்போதும் இருக்கும். கேரியர் மூடியைத் தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நெற்றி. அதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்த முடி. மூடிய இமை. அவள் முன்னால் சாய்ந்து, என் கை போகும் இடமெல்லாம் கண்ணைக் கொண்டுபோனாள். கன்னம், உதடு, இடது காதோரம் இருந்த சின்ன மடிப்பு. எதையும் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முக்கால் மணி நேரம் பார்த்தது அப்படியே கைக்குள் இருந்தது.

வாழ்க்கையில் எனக்கு வந்த முகம் அது ஒன்றுதான். கீழே பெயர் எழுத வேண்டியிருக்கவில்லை. எழுதப் பெயரும் இல்லை.

ராஜம்மா சீட்டை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வெகு நேரம் பார்த்தாள்.

"மூக்கு உங்களுது" என்றாள். பிறகு, "பாவம்" என்றாள்.

அதைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். வாசலில் சொம்போடு நின்றிருந்த சந்திராவும் அழுதாள். யாரும் யாரையும் அழாதே என்று சொல்லவில்லை.

அழுது ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சீட்டை மடிக்காமல், கசங்காமல், தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகு காலி மூடியை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"ஊத்துங்க. அரச்சதெல்லாம் அடியில தங்கியிருக்கும். கலக்கிட்டு ஊத்துங்க."

கலக்கிவிட்டு ஊற்றினேன். ஒரு சொட்டும் கீழே போகவில்லை.